தாத்தா டோக்கியோவுக்குப் போனாரா?



சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் பல வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. "எங்க தாத்தா நேதாஜி படையில ஆபீசர். ஜப்பான்காரன்கிட்ட டிரெய்னிங் எடுத்தவர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். எங்கே பயிற்சி, எந்த வருஷம், என்ன பதவி என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். தாத்தா அதிகம் பேசியிருக்க மாட்டார். பேசிய காலத்தில் உட்கார்ந்து கேட்கவும் வீட்டில் யாருக்கும் நேரம் இருந்திருக்காது. இன்று பேரன் பேத்திகள் கேட்கிறார்கள். அவர்கள் எங்கிருந்து தேடத் தொடங்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 'ஜப்பான் பயிற்சி' என்று வீட்டில் சொல்வது ஒரே இடத்தைக் குறிக்காது. அதில் மூன்று வகை உண்டு. முதலாவது, பினாங்கு.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-ல் ஜப்பானிடம் விழுந்தது. அந்த ஆண்டிலேயே பினாங்கில் சுயராஜ்யப் பயிற்சி நிலையம் ஒன்று தொடங்கியது. அதன் பொறுப்பில் இருந்தவர் வழக்கறிஞர் என். ராகவன். அங்கே கற்பித்தது ஒற்றறியும் கலை. தேறிய சிலரை நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி இந்தியக் கரைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வந்து பிடிபட்டவர்களில் வக்கம் அப்துல் காதர் உட்பட நால்வரை 1943 செப்டம்பர் 10-ல் சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். உங்கள் தாத்தா பினாங்கில் படித்தவர் என்றால், அவர் வாய் திறக்காமல் இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது, நேதாஜி படை என்று வீட்டில் சொல்லும் இந்திய தேசிய ராணுவம், அதாவது ஐ.என்.ஏ., மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நடத்திய பயிற்சி முகாம்கள். நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த பிறகு, தோட்டத் தொழிலாளிகளும் கிராணிகளும் கடைச் சிப்பந்திகளும் பள்ளி ஆசிரியர்களும் ஆயிரக்கணக்கில் படையில் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவர்களிலிருந்து எடுத்து அதிகாரிகளாகப் பழக்கிய இளைஞர்களும் உண்டு. நம் ஊரில் 'ஆபீசராக இருந்தார்' என்று சொல்லப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த முகாம்களைச் சேர்ந்தவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

மூன்றாவதுதான் உண்மையிலேயே ஜப்பான் மண்ணில் நடந்தது. நேதாஜி 1943 நவம்பரில் டோக்கியோ மாநாட்டுக்குப் போனார். நாளைய சுதந்திர இந்தியாவுக்குப் படை அதிகாரிகள் வேண்டும், விமானிகள் வேண்டும் என்று எண்ணி, ஜப்பானிய ராணுவக் கல்லூரிகளில் இந்திய இளைஞர்களைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். தென்கிழக்கு ஆசியாவில் வாழ்ந்த இந்தியக் குடும்பங்களிலிருந்து 45 பேர் தேர்வானார்கள். 1944-ல் புறப்பட்டார்கள். கடலில் அமெரிக்க நீர்மூழ்கிகள் வேட்டையாடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கடலில் பிள்ளையை அனுப்பிவைத்த தாயையும் தகப்பனையும் நினைத்துப் பாருங்கள். தரைப்படைக்கு 35 பேர், விமானப்படைக்கு 10 பேர். தரைப்படைக் கல்லூரி கனகாவா மாநிலத்தில் ஸாமா என்ற ஊரில் இருந்தது. இன்று அங்கே அமெரிக்கத் தரைப்படை முகாம். விமானக் கல்லூரி சைதாமா மாநிலத்தில் தொயோஓக்காவில் இருந்தது. அது இன்று ஜப்பானின் இருமா விமானத் தளம். 

இந்த 45 பேரை 'டோக்கியோ கேடட்டுகள்' என்பார்கள். இவர்களில் அதிகம் அறியப்பட்டவர் ரங்கூனில் பிறந்த ரமேஷ் பெனகல். இந்திய விமானப்படையில் ஏர் கமடோர் வரை உயர்ந்தார். 1971 போரில் காட்டிய தீரத்துக்காக மகாவீர் சக்கரம் பெற்றார். பர்மாவிலிருந்து ஜப்பான் போன கதையை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அவர் காலமான பிறகு, 2009-ல், அது நூலாக வந்தது. டோக்கியோ கேடட் ஒருவரைத் தேடுகிறவர்கள் முதலில் அதைப் படித்துவிட வேண்டும். உடன் படித்தவர் ஒருவரே சொல்வதைப் போன்ற சாட்சி எந்தக் கோப்பிலும் அகப்படாது.

இந்த மூன்றில் உங்கள் தாத்தா எது என்று கண்டுபிடிக்க வயது முதலில் உதவும். டோக்கியோ போனவர்கள் மீசை அரும்பும் பருவத்துப் பையன்கள். 1944-ல் தாத்தாவுக்கு முப்பது வயது, கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது என்றால், அவரை ஸாமாவில் தேடிப் பயனில்லை. அடுத்து உதவுவது காகிதம். ஐ.என்.ஏ.யில் ஆணைகளும் பாடங்களும் இந்துஸ்தானியில், அதுவும் ரோமன் எழுத்தில் இருந்தன. பழைய பெட்டியில் கிடைக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஆங்கில எழுத்தில் இந்தி வார்த்தைகள் வரிசையாக இருந்தால், அது மலாயா முகாமைக் காட்டுகிறது. ஜப்பானிய எழுத்தைப் பழகிய பக்கங்கள் இருந்தால் வேறு வழியில் யோசிக்கலாம். ஆனால் அதை வைத்து மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாப் பள்ளிக்கூடங்களிலும் ஜப்பான் மொழி கற்பித்தார்கள்.

காகிதத்தில் 2604 என்று ஓர் எண் இருந்தால் அதைத் தேதியாகப் படியுங்கள். ஜப்பானியர் தங்கள் பேரரசுக் கணக்குப்படி ஆண்டு குறித்தார்கள். அதில் 660 கழித்தால் நம் ஆண்டு வரும், 1944. ஷோவா 19 என்று எழுதியிருந்தாலும் அதே ஆண்டுதான்.

வீட்டை அடுத்து நான் கைகாட்டும் இடம் வெளிநாட்டில் இல்லை. அது தியாகி பென்ஷன் கோப்பு. மத்திய அரசு 1972-ல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் தொடங்கியது. ஐ.என்.ஏ.யினரும் அதில் வந்தார்கள். தமிழக அரசும் தனியாக ஓய்வூதியம் கொடுத்தது. விண்ணப்பித்தவர் எந்தப் படைப்பிரிவு, எந்த முகாம், எங்கே சிறைப்பட்டார் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கூடவே, உடன் இருந்த ஒருவரின் சான்றும் இணைத்திருப்பார்கள். அந்தச் சான்றைக் கவனமாகப் படியுங்கள். அதில் இருக்கும் பெயர் அடுத்த வீட்டுக்கு வழி. அந்த வீட்டில் ஒரு டைரியோ, நன்றாக ஞாபகம் வைத்திருக்கும் ஒரு மகளோ இருக்கக்கூடும். வீட்டில் நகல் இல்லையென்றால் கலெக்டர் ஆபீசிலும், மத்திய உள்துறை அமைச்சகத்திலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். தாத்தாவுக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டிருந்தாலும் கேளுங்கள். மறுத்த கோப்பில்தான் கேள்விகளும் பதில்களும் கூடுதலாக இருக்கும்.

இனி ஆவணக் காப்பகங்கள். இங்கே ஒரு வருத்தமான உண்மையைச் சொல்லியாக வேண்டும். 1945 ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் சரணடைந்ததை ஒட்டி, அமெரிக்கப் படை வந்து இறங்குவதற்குள், ஜப்பான் ராணுவம் தன் காகிதங்களை மலை மலையாகப் போட்டு எரித்தது. அதனால் எஞ்சிய பதிவுகளில் பல, எதிரி எழுதியவை. சரணடைந்த ஐ.என்.ஏ.யினரை ஆங்கிலேய உளவுத்துறை ஒவ்வொருவராக விசாரித்தது. வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று வகையாகப் பிரித்தது. கறுப்பு என்றால் ஆங்கில அரசுக்கு மனதாரப் பகைவர் என்று பொருள். அந்தக் காகிதங்கள் இன்று டெல்லியில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்திலும், லண்டனில் கியூ ஆவணக் காப்பகத்திலும், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பிரிவிலும் இருக்கின்றன.

அவற்றைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது விசாரணை அறை. தூக்குக் கயிறு கண்முன் இருந்த நேரம். 'என்னைக் கட்டாயப்படுத்திச் சேர்த்தார்கள்' என்று தாத்தா சொன்னதாக எழுதியிருந்தால் உடனே மனம் உடைந்துவிடாதீர்கள். உயிரோடு ஊர் திரும்ப வேண்டிய ஒரு மனிதர் சொன்ன பதில் அது. உண்மையிலேயே கட்டாயத்தினால் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில் படையில் சேர்ந்த தோட்டத்து இளைஞர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். அதையும் சேர்த்துத்தான் அவர் வாழ்க்கை.

ஜப்பான் பக்கத்தில், டோக்கியோவில் உள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் பழைய தரைப்படையின் எஞ்சிய ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைப் படமெடுத்து, 2001 முதல் ஆசிய வரலாற்று ஆவண மையம் என்ற அரசு நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஜப்பான் மொழி தெரிந்த ஒருவர் துணை வேண்டும். கல்லூரியில் ஜப்பான் மொழி படிக்கும் பிள்ளைகள் இப்போது நம் ஊர்களிலேயே இருக்கிறார்களே, அவர்களைக் கேட்கலாம்.

பெயர் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சோர்ந்துபோகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒரு குமாஸ்தா தகப்பனார் பெயரையே பிள்ளை பெயராக எழுதியிருப்பார். பிள்ளை, செட்டியார், தேவர் என்ற பட்டத்தின் கீழே அடுக்கியிருப்பார்கள். ஜப்பானிய எழுத்தில் ர, ல, ள, ழ எல்லாம் ஒன்றுதான். பழனி என்பது பரனி போல ஆகிவிடும். அதனால் பெயரை மட்டும் நம்பாமல் தகப்பனார் பெயர், ஊர், ஜில்லா மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். அந்தக் காலத்து ஜில்லாவைப் போடுங்கள். சிவகங்கைக்காரர் ராமநாதபுரத்தில் இருப்பார். புதுக்கோட்டைக்காரர் சமஸ்தானத்துக் குடியாக இருப்பார்.

பாட்டிமார்களை விட்டுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22-ல் சிங்கப்பூரில் திறந்தது. தலைமை தாங்கியவர் கேப்டன் லட்சுமி. மலாயாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்கள், தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் உட்பட, அங்கே துப்பாக்கி பிடித்தார்கள். கோலாலம்பூர் ஜானகி தேவர் பதின்பருவத்தில் சேர்ந்து, அந்தப் படையின் துணைத் தலைமைக்கு உயர்ந்தார். திருமணத்துக்குப் பின் ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் மலேசிய மேலவை உறுப்பினராகவும் இருந்தார். ஆண்களுக்காவது கிராமத்தில் 'ஐ.என்.ஏ.க்காரர்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பெண்கள் கல்யாணமாகி வேறு பெயரோடு வேறு ஊர் போனார்கள். ஆகவே பாட்டியைத் தேடும்போது பிறந்த வீட்டுப் பெயரில் தேடுங்கள். அவர் கூடப் பிறந்தவர்கள் வீட்டிலும் விசாரியுங்கள்.

சிங்கப்பூர் இந்தத் தேடலில் மிகவும் கைகொடுக்கும் ஊர். அங்கே 1979-ல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று மையம் ஜப்பானிய ஆட்சிக் காலத்தைப் பார்த்தவர்களைப் பேட்டி கண்டு ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறது. தமிழில் பேசியவர்களும் அதில் உண்டு. தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஜப்பானியர் காலத்து ஷோனான் பத்திரிகையும் அதில் அடக்கம். முகாம் அணிவகுப்பு, நேதாஜியின் கூட்டம் போன்ற செய்திகளை அந்த ஆண்டுகளின் இதழ்களில் தேடலாம். உங்கள் தாத்தா பெயர் அதில் வராமல் போகலாம். அவர் நின்ற மைதானம் வரும்.

தேடி முடித்தபின் டோக்கியோ இல்லை, மலாயா முகாம்தான் என்று தெரியவந்தால், சில குடும்பங்களில் முகம் வாடிவிடுவதுண்டு. எனக்கு அது புரியவே இல்லை. மலாயா முகாமில் பழகியவர்களில் பலர் பர்மாப் போர்முனைவரை போய், பசியிலும் மலேரியாவிலும் நடந்தே பின்வாங்கியவர்கள். ஸாமாவில் இருந்த பையன்களுக்கோ படிப்பு முடிவதற்குள் போர் முடிந்துபோனது. இதில் ஒருவரை ஏற்றி ஒருவரை இறக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களிடம் இருக்கும் படங்களையும் காகிதங்களையும் ஸ்கேன் செய்து, ஊர், ஆண்டு, தெரிந்த பெயர்கள் எல்லாவற்றையும் எழுதி, ஒரு பிரதியைக் கொல்கத்தாவில் உள்ள நேதாஜி ஆய்வு மையத்துக்கு அனுப்புங்கள். இன்னொன்றைச் சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். குழுப்படம் என்றால், யார் என்று தெரியாத முகங்களையும் விட்டுவிடாமல் அனுப்புங்கள். அந்த முகங்களைத் தேடிக்கொண்டு மலேசியாவிலும் பர்மாவிலும் இங்கேயும் வேறு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.