குளத்து மீனும் கமக்காரரும்

கமக்காரப் பெருமக்களே,

குளத்தில் நீர் நின்றால் வயல் விளையும் என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். அக்குளத்து நாட்டு மீன்களைக் காப்பதும் குளத்தையே காப்பதாகும் என்பதைப் பற்றிச் சில வார்த்தை கூற விரும்புகின்றேன்.

வரண்ட வலயத்துக் குளங்கள் பெரும்பாலும் நம் முன்னோர் கட்டியவை. ஆனால் விரால், கெளிறு, வாளை, கெண்டை முதலியன எவரும் கொண்டுவந்து விட்டவை அல்ல. அவை ஆற்றிலும் ஓடையிலுமிருந்து வந்து, மழைக்கும் வரட்சிக்கும் இசைந்து வாழ்பவை. 1952ஆம் ஆண்டில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட திலாப்பியா நல்ல உணவே. எனினும், அது குளத்தில் மலிந்திருப்பதைக் கண்டு நாட்டு மீன்களும் நலமாயுள்ளன என்று எண்ணிவிடலாகாது.

விராலை எடுத்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கியதும் அது ஆழங்குறைந்த கரையோரத்தில், புல்லுக்கும் கோரைக்கும் இடையே கூடு அமைத்து முட்டையிடும். குஞ்சுகளைக் காவல் காக்கும். கோடையில் எஞ்சிய மடுவிலும் சேற்றிலும் காற்றைச் சுவாசித்து உயிர் பிழைத்திருக்கும். ஆகவே அதற்கு வேண்டியவை இரண்டு: மாரியில் கோரை நிறைந்த கரை, கோடையில் வற்றாத மடு.

அலைகரையை உழுது தோட்டம் செய்தால் கோரை அழியும். கோரை தடுத்து வைத்த மண் அடுத்த மழையிற் குளத்தினுள் இறங்கும், மடுவும் தூர்ந்துபோகும். அதனால் மீன் தன் இருப்பிடத்தை இழக்கும். நீங்கள் சிறுபோகத்துக்குரிய நீரை இழப்பீர்கள்.

எனவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

1. குளத்துக்கு நீர் வரும் பக்கத்திலுள்ள மரங்களையும் கோரையையும் அழியாது விடுங்கள்.

2. துருசு மட்டத்துக்குக் கீழே நிற்கும் நீரை இயந்திரத்தால் இறைக்காதீர்கள். மிளகாயும் வெங்காயமும் வாடும்போது இது எளிதன்று. ஆயினும், கால்நடைகளுக்கும் அடுத்த ஆண்டின் மீனுக்கும் எஞ்சியிருப்பது அந்நீரே.

3. நாசினி தெளித்த கருவியைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். நாசினி தெளித்த வயலின் நீரை உடனே வடியவிடாதீர்கள். மேற்குளத்து வயலின் கழிவுநீரே கீழ்க்குளத்தைச் சேர்கின்றது.

4. குஞ்சுகளுடன் திரியும் விராலைப் பிடிக்காதீர்கள். காவலற்ற குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.

5. 1905ஆம் ஆண்டளவில் அழகுச் செடியாக இலங்கைக்கு வந்த ஆற்றுவாழை, கோரையைப் போன்றதன்று. அது நீர்ப்பரப்பை மூடி, ஒளியையும் காற்றையும் தடுக்கும். அதனை வேரோடு களைந்து, கரையில் உலர்த்திக் கூட்டெருவாக்குங்கள்.

இவற்றுக்குப் பெருஞ் செலவில்லை. ஆனால் ஊர் முழுவதும் உடன்படல் வேண்டும். ஒருவர் விட்டுவைத்த நீரை மற்றொருவர் இறைத்துவிட்டால் பயனில்லை. ஆகையால், சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் துருசு திறப்பது என்று தீர்மானிக்கும்போதே, எவ்வளவு நீரை மடுவில் விட்டுவைப்பது என்பதையும் தீர்மானித்து எழுதிவையுங்கள்.