மாமல்லபுரத்தில் ஒரு சதுரங்க மாலை

பெங்களூரின் தென்புறத்தில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டியது ஹெப்பகோடி. தொழிற்சாலைகளும், அவற்றை நாடி வந்த பல மொழியினரும் நிறைந்த ஊர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நானும், தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடி வந்த நண்பர் மூவரும், ஞாயிறுதோறும் அங்கே சதுரங்கப் பலகையின் முன் கூடுவது வழக்கம். அடுத்த வீட்டுப் பிள்ளை ஒருவன் எங்களுள் ஐந்தாமவன். வயது பதினான்கே எனினும், ஆட்டத்தில் எங்கள் நால்வரினும் வல்லவன்.

2022ஆம் ஆண்டில் ஒரு போட்டியில், வெல்ல வேண்டிய ஆட்டத்தை அவன் தன் தவற்றால் இழந்தான். அன்றே பலகையையும் காய்களையும் மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிட்டான். "இனி ஆடமாட்டேன், மாமா" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. நாங்கள் கூறிய ஆறுதல் எதுவும் அவன் செவியில் ஏறவில்லை.

அவ்வேளையில்தான் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடைபெற்றது. ருஷியாவில் நிகழவிருந்த அப்போட்டி, உக்ரைன் போரின் காரணமாக இடம் மாறித் தமிழ்நாட்டுக்கு வந்தது. பொதுப் பிரிவில் மட்டும் 188 அணிகள் கலந்துகொண்டன. ஆகஸ்டு 8ஆம் நாள், விடுப்பு எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு, கிருஷ்ணகிரி, வேலூர், காஞ்சிபுரம் வழியாகப் புறப்பட்டோம்.

வேட்டி சட்டை அணிந்து கைகூப்பி நின்ற 'தம்பி' என்னும் குதிரைச் சின்னத்தைக் கண்டதும் பிள்ளை பல நாளுக்குப் பின் சிரித்தான். கைபேசிகளை ஒப்படைத்துவிட்டு உள்ளே சென்றோம். எத்தனையோ நாட்டினர் எதிரெதிரே அமர்ந்து, ஒரு சொல்லும் பேசாமல் மணிக்கணக்கில் வாதிட்டுக்கொண்டிருந்தனர். மொழிபெயர்ப்பாளனுக்கு அங்கே வேலையே இல்லை!

அன்று பத்தாவது சுற்று. இந்தியாவின் இரண்டாம் அணி உஸ்பெகிஸ்தானை எதிர்த்தது. முதற் பலகையில் பதினாறு வயதுக் குகேஷ். எதிரே பதினேழு வயது அப்துசத்தோரவ். முதல் எட்டுச் சுற்றுகளையும் தொடர்ந்து வென்றிருந்தவர் குகேஷ். நெடுநேரம் மேலோங்கியிருந்த அவர், நேர நெருக்கடியில் தம் குதிரையைத் தகாத கட்டத்தில் வைத்து இழந்தார், ஆட்டத்தையும் இழந்தார். அணி 2-2 எனச் சமன் செய்தது. திரும்பும் வழியெல்லாம் பிள்ளை வாய் திறக்கவில்லை. நள்ளிரவில் ஓசூரைக் கடக்கும்போது, "நாளைக்கு அவர் ஆடுவாரா, மாமா?" என்று மட்டும் கேட்டான்.

ஆடினார். மறுநாளே ஜெர்மனியின் கெய்மருடன் அமர்ந்து சமன் செய்தார். அணி வெண்கலம் பெற்றது. முதற் பலகையில் ஆடியோருள் சிறந்தவர் என்ற பொற்பதக்கமும் குகேஷுக்கே கிடைத்தது. போரால் வாடிய உக்ரைனின் மகளிர், தம் பிரிவில் தங்கம் வென்றனர்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான பதினான்காம் ஆட்டத்தில் டிங் லிரென் ஒரு பிழை செய்தார். எதிரே இருந்து அதைக் கண்டுகொண்டவர் குகேஷ். பதினெட்டு வயதில் அவர் உலக வீரரானார். பிழையின் கசப்பை முன்பே அறிந்தவர் அன்றோ!

எங்கள் பிள்ளையோ அதுவரை காத்திருக்கவில்லை. நாங்கள் ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறன்று, பரணிலிருந்து மூட்டையை இறக்கிக்கொண்டு அவனே வந்தான். அன்று அவனிடம் நால்வரும் தோற்றோம். அத்தோல்வி எங்களுக்கு இனித்தது.