சொன்னவர் பெயரைச் சொல்வோம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிறர் சொல்லை எடுத்தாளும்போது அவர் பெயரையும் சொல்லுதல் நன்றியறிதலின் பாற்பட்டது. இவ்வறம் நமக்குப் புதியதன்று. அகநானூற்றின் 147ஆம் பாடலில், பிரிந்த காதலனைத் தேடிப் புறப்பட எண்ணும் தலைவி, தனக்கு முன் அவ்வாறு சென்ற வெள்ளிவீதியைப் பெயர் சொல்லி நினைக்கிறாள். பாடியவர் ஔவையார், நினைக்கப்பட்டவரும் ஒரு புலவரே. பெயர் தெரியாத புலவர்க்கும் அவர்தம் பாட்டின் அருந்தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என வழங்கினர் முன்னோர்.

ஆயினும் பெண்களின் பெயரே ஏட்டினின்று எளிதில் உதிர்ந்துவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மன்னர் பிரதாபசிம்மர் அவையில் விளங்கிய முத்துப்பழனி என்னும் அம்மையார், ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற தெலுங்குக் காவியத்தை இயற்றினார். அதன் முகவுரையில் தம் பாட்டியாரையும் அத்தையாரையும் நினைவுகூர்ந்து தம் மரபை உரைத்தார். 1887இல் அச்சேறிய பதிப்பிலோ அம்முகவுரையே இல்லை; பாடல்கள் சிலவும் விடப்பட்டிருந்தன.

இக்குறையைக் களைந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தியாகராசர் ஆராதனை நடத்துகிறோமே, அப்பெரியாருக்குத் திருவையாற்றில் சமாதிக் கோயில் எழுப்பிய அம்மையார்தாம் அவர். மூலச் சுவடியைத் தேடிப் பெற்று, 1910இல் நூலை முழுமையாக வெளியிட்டார். சிருங்காரத்தை ஆடவர் பாடினால் இரசித்தவர்கள், பெண் பாடியதைப் பழித்தனர். ஆங்கில அரசு நூலைத் தடை செய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. 1952இல் நூல் மீண்டும் அச்சேறியது.

நம் காலத்தில் சாரா அகமது என்ற அறிஞர், 2017இல் வெளியிட்ட நூலில் வெள்ளை ஆடவர் எவரையும் மேற்கோள் காட்டுவதில்லை என்று நெறி வகுத்துக்கொண்டார். முன்சென்ற பெண்களை நினைவில் வைத்திருக்கும் வழியே மேற்கோள் என்பது அவர் கருத்து. அவர் நெறி முழுவதையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை; கருத்தை மறுத்தல் அரிது.

நிற்க. என் பிழை ஒன்றையும் இவ்வவையில் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இம்மலரிலேயே தாலாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதிலிருந்த ஐந்து பாடல்களையும் பாடிக் காட்டியவர், நம் காலனியில் மகன் வீட்டில் தங்கியிருந்த ஒரு பாட்டியார். நான் எழுதி முடிக்கும்வரை சலிக்காமல் மும்முறை பாடினார். ‘ஒரு மூதாட்டி பாடக் கேட்டவை’ என்று எழுதினேன். மலரை அவர் கையில் கொடுத்தபோது, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “என் பேரு எங்கே இருக்கு, தம்பி?” என்று கேட்டார். என்னால் விடையிறுக்க இயலவில்லை. வெட்கத்தால் அன்றும் பெயரைக் கேட்டேனல்லேன். பின்னர் மகனுக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு வேற்றூர் சென்றுவிட்டார். அவர் பெயரை இன்றும் நான் அறியேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த மலருக்குப் பாட்டோ, கோலமோ, சமையற் குறிப்போ எழுதுவோர், கற்பித்த அம்மையாரின் பெயரையும் எழுதுக. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றல்லாமல் அவர் சொந்தப் பெயரையே எழுதுக. இன்றிரவு வீடு திரும்பியதும், பாட்டியின் பெயர் என்னவென்று குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள். தெரியாதெனில், நாளை வரை காத்திராமல் சொல்லிக் கொடுங்கள்.