கத்துற பெல்ட்டை மாத்தாதீங்க

அப்பாவோட பழைய காருக்கு வேற எஞ்சின் போட்டோம். அன்னைக்கே பெல்ட் கீச் கீச்னு கத்த ஆரம்பிச்சுது. ரெண்டு பெல்ட் மாத்தியாச்சு, சத்தம் போகலை. பக் எங்கேன்னு பாக்காம சர்வரை ரீஸ்டார்ட் பண்ற அதே தப்பு!

அப்புறம்தான், தள்ளி நின்னு, ஓடுற பெல்ட் மேல கொஞ்சம் தண்ணி பீய்ச்சிப் பாத்தேன். சத்தம் கூடினா பெல்ட் லூஸ்; அடங்கிட்டு மறுபடி வந்தா புல்லிகள் நேர்கோட்டுல இல்லை. அடங்குச்சு, திரும்ப வந்துச்சு. எஞ்சினை நிறுத்தி, புல்லிகளோட முகத்துல இரும்பு ஸ்கேலை வச்சேன். ஆல்டர்னேட்டர் புல்லி மட்டும் 3 மில்லிமீட்டர் உள்ளே. பழைய எஞ்சினோட பிராக்கெட்டையே மாட்டியிருந்தோம்! போல்ட்டுக்கு ஒரு 3 மில்லிமீட்டர் வாஷர், பிராக்கெட்டுக்குப் பின்னாடி. சத்தம் நின்னுச்சு.

வாட்டர் பம்பையும் அந்த பெல்ட்தான் சுத்துது. நடுவழியில கழண்டிருந்தா எஞ்சின் கொதிச்சிருக்கும். அப்பா தனியா ஓட்டுற கார் அது.