கைமாறும் காகிதம், மாறாத வரைபடம்
(தாராவியில் நடந்த சங்கக் கூட்டத்தில் பேசியது)



திருநெல்வேலியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து மும்பையில் குடிசை வாங்கியவர்கள் நாம். நகையை விற்றோம். ஸ்டாம்புத் தாளில் இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்து வாங்கினோம். வீடு நமதென்று நம்பினோம். அந்தத் தாள் நமக்கு எதைத் தந்தது?

விற்றவர் மண்ணுக்கு உடையவர் அல்லர். மண் அரசுக்கோ, மாநகராட்சிக்கோ, ரயில்வேக்கோ சொந்தம். நம் கைக்கு வந்தது சுவரும் தகரமும்தான். மண்ணே சொந்தமானாலும் நினைத்ததைக் கட்ட முடியாது. எந்த நிலம் வீட்டுக்கு, எது சாலைக்கு, எது பூங்காவுக்கு என்று மராட்டிய அரசின் 1966ஆம் ஆண்டு நகரத் திட்டச் சட்டப்படி வரைபடம் குறித்துவிடுகிறது. நிலம் பத்துக் கை மாறினாலும் அந்தக் குறி மாறாது.

குடிசைவாசிக்கு இலவச மாற்று வீடு தரும் திட்டமும் கிரயத் தாளை மட்டும் பார்ப்பதில்லை. 2000 ஜனவரி 1க்கு முன் குடிசை இருந்ததா, அதில் குடியிருப்பவர் யார் என்றே கேட்கிறது. ரயில்வேயில் நாங்கள் தினமும் காண்பதுதான் இது. பிறர் பெயரில் பதிவான டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கி ஏறுகிறார் ஒருவர். காசு கொடுத்தது மெய். பட்டியலில் பெயர் இல்லையே! போட்டோ பாஸ் பழையவர் பெயரில் கிடக்க, கையில் ஸ்டாம்புத் தாளோடு நிற்கும் நம் குடும்பங்களின் கதியும் அதுவே.

கட்டிட முதலாளியின் கதை வேறு. 1991 விதிகள் கட்டும் உரிமையை மண்ணிலிருந்து பிரித்துச் சான்றிதழாக்கின. ஒரு பேட்டையில் பெற்றதை வேறு பேட்டையில் விற்கலாம். அவர் காகிதம் நகரையே சுற்றுகிறது. நம் காகிதம் சந்தைத் தாண்டவில்லை. காரணம் என்ன? அவருடையது திட்டச் சட்டத்துக்குள் பிறந்தது. நம்முடையது வெளியே பிறந்தது.

ஆகவே சட்டத்துக்குள் நாமும் நுழைவோம். குடிசை கைமாறியிருந்தால் மனுக்கொடுத்து அரசுப் பதிவில் ஏற்றுவோம். ரேஷன் கார்டு, மின்சார ரசீது, வாக்காளர் பட்டியல் நகல் எல்லாம் சேர்த்து வைப்போம். தகுதிப் பட்டியல் ஒட்டப்பட்ட அன்றே படித்து, பெயர் விட்டிருந்தால் கெடுவுக்குள் எழுத்தில் மறுப்போம். மாடியில் வாடகைக்கு இருப்பவரையும் கைவிடாமல் கூட்டாகப் போராடுவோம்.

மறுப்பு வீணாகாது, தோழர்களே! 2015இல் வெளியான மும்பை வரைவுத் திட்டம், மக்கள் எதிர்ப்பால் திருத்தி எழுதப்பட்டது. வரைபடம் மனிதன் வரைந்தது, மனிதன் திருத்தலாம். ஆனால் தனி ஆளாய்ப் போனால் வாசலில் நிறுத்துவார்கள். சங்கமாய்ப் போவோம்!