கையெழுத்துக்கு முன்னாடி கணக்கு

(அஸ்தம்பட்டியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எங்களிடம் கேட்டாங்க: "சீனா கடன் குடுத்து, இலங்கையோட துறைமுகத்தையே எழுதி வாங்கிக்கிச்சாமே, நெசமா?" கடன் வாங்குற நாம் எல்லோரும் தெரிஞ்சுக்க வேண்டிய கதை இது.

இலங்கையின் தென்கரையில் இருக்கும் ஊர் அம்பாந்தோட்டை. அங்கே துறைமுகம் கட்ட, சீன அரசின் எக்ஸிம் வங்கி கடன் தந்தது. முதல் கட்டத்துக்கு 30 கோடி டாலருக்கு மேல். வட்டி வருஷத்துக்கு 6.3 சதவீதம். நம்ம கணக்கில் நூத்துக்கு மாசம் 52 பைசா. கம்மிதானே என்று தோணும். 2010 நவம்பரில் துறைமுகம் திறந்தாங்க. ஆனால் 2012-ல் வருஷம் பூரா வந்த கப்பல் 34 தான்! பால் கறக்காத மாட்டுக்கு வட்டி கம்மியா இருந்தால் மட்டும் தவணை கட்ட முடியுமா?

2017-ல் ஒரு சீனக் கம்பெனிக்கு அதை 99 வருஷக் குத்தகைக்கு விட்டாங்க. 112 கோடி டாலர் கிடைச்சது. அதனால் கடன் தள்ளுபடி ஆகவில்லை. பணம் அரசின் டாலர் கையிருப்புக்குப் போச்சு, கடன் இலங்கை தலையிலேயே நின்றது. அதைவிடப் பெரிய கடன், வெளிநாட்டுச் சந்தையில் பத்திரம் விற்று வாங்கியது. ஆக, சீனா ஒன்றை மட்டும் குற்றம் சொல்லி முடிக்க முடியாது.

2022 ஏப்ரலில், "வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை" என்று இலங்கை அரசே அறிவித்தது. அந்த வருஷம் கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றது நம்மைப் போன்ற பெண்கள். கையெழுத்துப் போட்டவங்க வேற, வரிசையில் நின்றவங்க வேற!

சீனா பல நாடுகளோடு போட்ட 100 கடன் ஒப்பந்தங்களை ஆய்வாளர்கள் படித்து 2021-ல் அறிக்கை வெளியிட்டாங்க. பலவற்றில், நிபந்தனைகளை வெளியே சொல்லக் கூடாது என்றே எழுதியிருந்ததாம். நம்ம குழுவில் அப்படியா? தீர்மான நோட்டை எல்லோர் முன்னாலும் வாசித்த பிறகுதானே கையெழுத்து!

இப்போது வீட்டு வாசலுக்கே வந்து, ஆதாரை மட்டும் வாங்கிக்கிட்டுக் கடன் தர்றாங்க. வட்டி கம்மி என்றதும் மயங்க வேண்டாம். இந்தக் கடனால் மாசம் எவ்வளவு வரும்? தவணை எவ்வளவு? வருமானம் இல்லாத மாசம் எதை வச்சுக் கட்டுவோம்? மூன்றுக்கும் பதில் இருந்தால் தைரியமா வாங்குவோம்.

வாசித்துக் காட்டாத பேப்பரில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று இன்றைக்கே தீர்மானம் எழுதுவோம்.