குடலைத் தளர்த்தும் வாயு

நமுனுகுல மலைச்சாரலிலே, லயத்து அறையொன்றில், பிறந்து மூன்று வாரமான சிசு பால் அருந்தியவுடனே அதனைப் பீறிட்டுக் கக்குகின்றது. கக்கியதும் மீண்டும் பசித்தழுகின்றது. கண்ணூறென்று மிளகாய் சுற்றிப் போடுவாரும் உளர். உள்ளே நிகழ்வதோ வேறு.

இரைப்பையின் கடைவாயிலில் ஒரு தசைவளையம் உண்டு. உணவு கீழிறங்க வேண்டின் அது தளர வேண்டும். தளர்வதற்கான ஆணையைக் கொணர்வது ஒரு வாயு. நைத்திரிக் ஒட்சைட்டு என்பது அதன் பெயர். முன்னாளில் தோட்டத்துத் தப்பாற்காரன் பை சுமந்து வந்தான். இத்தூதனுக்குப் பையே இல்லை. நரம்பு நுனியில் அப்போதைக்கப்போது உண்டாகி, தசைக்குட் பரவி, சில கணங்களில் மறைந்துபோகும். நெஞ்சுநோயாளர் நாவின்கீழ் வைக்கும் நைத்திரோகிளிசரின் மாத்திரை தருவதும் இவ்வாயுவையே. வெடிமருந்தும் அதுவே என்பது விந்தை!

1990இல் பெல்ஜிய ஆய்வாளர் நாயின் குடலில் இத்தூதினைக் கண்டனர். 1992இல், மேற்சொன்ன நோயுற்ற சிசுக்களின் வளையத்தசை நரம்பிழைகளில், இவ்வாயுவை ஆக்கும் நொதி காணப்படவில்லை என அறியப்பட்டது. முழுக் காரணமும் அதுதானா என்பது இன்னும் ஆராயப்படுகின்றது.

சிகிச்சையோ பழையது: 1912இல் ஜேர்மனியரான ராம்ஸ்டெட் வெளியிட்டவாறு, தடித்த தசையைக் கீறிவிடுதல். இந்நோயில் வாந்தி பச்சையாக இராது. குழந்தை மெலியும், சிறுநீர் குறையும். பச்சையாயின் அது வேறோர் அபாயம். எதுவாயினும், தகப்பனுக்கு ஒரு நாள் பேர் போனாலும் போகட்டும், அன்றைக்கே பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். அறுவை முடிந்து ஓரிரு நாளில் பெரும்பாலான குழந்தைகள் பால் அருந்தத் தொடங்கிவிடும்.